மீள்பொறியியலா, உய்த்துணர்தலா?

அன்புடையீர், வணக்கம்.

காரின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டுப் பொருள் கண்டறியும் வேலைக்கு, அதாவது ரிவர்ஸ் எஞ்சினியரிங் என்பதற்கு, 'மீள்பொறியியல்' போதும் என்று முந்தைய மடலில் கூறப்பட்டிருந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கோவைப் பட்டறைகளில் தேய்ந்த பம்பு இம்பெல்லரை (நீரைத் தள்ளும் சுழலியை) அளந்து, பேட்டர்ன் எனும் வார்ப்பு மாதிரி செய்து, புதிதாக வார்த்துவிடுகிறார்கள். பொருள் மீண்டும் உருவாகும் அவ்விடத்தில் 'மீள்' பொருந்தும். நம் வேலையிலோ எதுவும் மீண்டும் செய்யப்படுவதில்லை.

சென்ற ஞாயிறன்று பெருந்துறையில் வீட்டு வாசலில் செய்ததையே சொல்கிறேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழுள்ள 16 முனை ஓபிடி இணைப்பின் (பழுது கண்டறியும் கருவியை மாட்டும் இடத்தின்) 6, 14 ஆகிய முனைகளுக்கிடையே மீட்டரை வைத்தபோது 60 ஓம் காட்டியது. கேன் கம்பிகளின், அதாவது கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்தி பரிமாறிக்கொள்ளும் இரட்டைக் கம்பிகளின், இரு கோடியிலும் உள்ள 120 ஓம் தடைகள் பக்க இணைப்பில் இருப்பதால் வரும் அளவு அது. பேட்டரியை மாட்டி, மடிக்கணினியில் செய்திகளை ஓடவிட்டு ஓட்டுநர் கதவைத் திறந்து மூடினேன். நூற்றுக்கணக்கான வரிகளுக்கிடையே, ஒரே அடையாள எண்ணில் (இன்ன செய்தி எனக் குறிக்கும் எண்ணில்) வந்த எட்டு பைட்டுகளில் மூன்றாவது மட்டும் 00 இலிருந்து 01 ஆகித் திரும்பியது. அடுத்தடுத்த கதவுகளுக்கு 02, 04, 08 என வந்தபோதுதான், அந்த பைட்டில் கதவுக்கு ஒரு பிட் (0 அல்லது 1 ஆகும் இலக்கம்) ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது விளங்கியது.

எஞ்சின் சுழற்சி வேகத்தைப் படிப்பதை இதனோடு சேர்க்கக் கூடாது. அங்கே விடையாக வரும் இரு பைட்டு எண்ணை நான்கால் வகுக்க வேண்டும் என்று எல்லா நிறுவனங்களுக்குமான பொதுத்தரமே சொல்லிவிடுகிறது. கதவு பற்றிய செய்தியை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அமைத்து, பெரும்பாலும் வெளியிடாமல் வைத்துக்கொள்வதால்தான் இந்த வேலையே தேவைப்படுகிறது.

ஆகவே 'உய்த்துணர் பொறியியல்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். நூல் இயற்றுவதற்கு நன்னூல் கூறும் முப்பத்திரண்டு உத்திகளுள் ஒன்று 'உய்த்துணர வைப்பு', அதாவது சொல்லாததைப் படிப்பவரே ஊகித்தறிய விடுவது. அதை இயற்றிய பவணந்தியாரின் ஊராகக் கருதப்படும் சீனாபுரமும் எங்கள் பெருந்துறைக்கு அருகில்தான் இருக்கிறது. அங்கே நூலாசிரியர் நாம் உணரவேண்டும் என்றே சொல்லாமல் விடுகிறார், கார் நிறுவனம் அப்படி விடவில்லை என்று மறுப்பு எழலாம்; ஆனால் நாம் பெயரிடுவது மறைத்தவரின் நோக்கத்துக்கு அன்று, வெளிப்பட்டதைக் கொண்டு வெளிப்படாததை அறிபவரின் செயலுக்கு. 'உய்த்துணர்ந்தேன்', 'உய்த்துணர்ந்த அடையாள எண்' என்று வினையாகவும் பெயரெச்சமாகவும் இயல்பாக வளைவது இச்சொல்லுக்குக் கூடுதல் வலு. 'மீள்பொறியியல்' அப்படி வளையாது.

நான்கு கதவுகளுக்கான பட்டியலை இணைத்திருக்கிறேன். அதன் தலைப்பில் 'உய்த்துணர்ந்தவை' என்றே இட்டிருக்கிறேன்.