சாசானியரை வீழ்த்தியது அரபுப் படையா, வீட்டுக்குள் இருந்த பிளவா?

கரிசல்காடு:
ஈரானின் நக்ஷ்-இ-ருஸ்தம் பாறையில், சாசானியப் பாரசீகப் பேரரசை நிறுவிய முதலாம் அர்தஷீர் செதுக்குவித்த சிற்பத்தின் படத்தை நேற்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குதிரைமீது இருக்கும் அரசருக்கு, எதிரே குதிரைமீது இருக்கும் ஜொராஸ்திரிய முழுமுதற் கடவுள் அகுரமஸ்தா அரச வளையத்தை நீட்டுகிறார். தெய்வத்தின் குதிரைக் காலடியில் தீமையின் உருவான அங்ரமைன்யு கிடக்க, அரசரின் குதிரைக் காலடியில் சாசானியருக்கு முன் ஈரானை ஆண்ட பார்த்தியரின் கடைசிப் பேரரசர் அர்தவான் கிடக்கிறார். 224இல் ஹொர்மோஸ்த்கான் போரில் வென்ற அர்தஷீர், அர்தவானின் குடும்பத்தை அரியணையிலிருந்து இறக்கினாரே தவிர, அதைத் தாங்கி நின்ற பார்த்தியப் பெருங்குடிகளை அகற்றவில்லை. சூரேன், காரேன் குடியினரின் பெயர்கள் அவருடைய மகன் முதலாம் ஷாப்பூரின் மும்மொழிக் கல்வெட்டில் அவைப் பெரியோர் வரிசையிலேயே வருகின்றன. 651இல் கடைசிச் சாசானிய அரசர் மூன்றாம் யஸ்தகிர்த் கிழக்கு எல்லையில் மெர்வ் நகரருகே கொல்லப்பட்டதற்கான வித்து அங்கேயே விழுந்துவிட்டது என்று கருதுகிறேன். அரபுப் படை வந்தபோது, உள்ளே ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த வீட்டைத்தான் தள்ளியது.

மணிமுத்தாறு:
நண்பரின் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு வீட்டைத் தாங்கிய தூண்களையே விரிசல் என்று சொல்வது முறையா? 484இல் பேரோஸ் மன்னர் நடு ஆசியாவின் ஹெப்தலைட்டுகளிடம் படையோடு அழிந்தபோது, அரசை நிலைநிறுத்தியவர் காரேன் குடியைச் சேர்ந்த சுக்ரா. பிளவுதான் காரணம் என்றால் பேரரசு அந்த ஆண்டிலேயே முடிந்திருக்க வேண்டும். உண்மையான காரணம் 602 முதல் 628 வரை கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்தோடு நடந்த போர். சாசானிய அரசர் இரண்டாம் குஸ்ரோ 614இல் எருசலேமையும் பின்னர் எகிப்தையும் கைப்பற்றினார். அவருடைய படை 626இல் கான்ஸ்டான்டிநோபிளின் எதிர்க்கரையில் நின்றது. மறு ஆண்டின் இறுதியில் நினிவே அருகே பைசாந்தியப் பேரரசர் ஹெராக்ளியஸ் வென்றபோது, சாசானியரின் கருவூலமும் படையும் வற்றிப்போயிருந்தன.

கரிசல்காடு:
சுக்ராவை நீங்களே குறிப்பிட்டது நல்லதாயிற்று. அரசைக் காத்த அவருக்குக் கிடைத்தது என்ன? பேரோஸின் மகன் கவாத் மன்னர், மற்றொரு பார்த்தியக் குடியான மிஹ்ரானைச் சேர்ந்த ஷாப்பூரைத் துணைக்கு அழைத்து அவரைக் கொல்லச் செய்தார். ஒரு குடியை மறுகுடிமீது ஏவித்தான் இந்த அரச குடும்பம் பிழைத்தது. அதே மிஹ்ரான் குடியின் பஹ்ராம் சோபின் 590இல் மணிமுடியையே சூடிக்கொண்டார். 628இல் பிரபுக்கள் இரண்டாம் குஸ்ரோவை இறக்கி அவருடைய மகன் ஷீரோயேவை அமர்த்த, அவர் தம் சகோதரர்களைக் கொன்று, சில மாதங்களில் தாமும் இறந்தார். அதன்பின் நான்கு ஆண்டுகளில் ஒரு குழந்தை, ஒரு படைத்தலைவர், குஸ்ரோவின் மகள்கள் போரான், ஆசர்மிதுக்த் எனப் பலர் அரியணை ஏறி இறங்கினர். போரானின் உருவம் பொறித்த காசுகள் இன்றும் கிடைக்கின்றன. அந்தச் சிறிய வெள்ளி வட்டத்தில் ஒரு பெண்ணின் முகத்தைக் காணும்போது, ஆண் வாரிசுகளை வீடே தின்றுவிட்டது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது.

தென்கரை:
இடையில் ஒரு செய்தி. முதலாம் குஸ்ரோ படையை நான்கு திசைத் தளபதிகளிடம் பிரித்துக் கொடுத்ததும், அத்தளபதிகளின் களிமண் முத்திரைகள் கிடைத்திருப்பதும் உங்கள் இருவருக்கும் தெரிந்திருக்கும். அவற்றில் சிலர் தம்மைப் பார்த்தியர் என்றே பொறித்திருக்கிறார்கள். அந்த அடையாளம் கரையவில்லை என்பதற்கு அதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

மணிமுத்தாறு:
அடையாளம் வேறு, பகை வேறு. அரசரின் பணியில் இருந்தவரே தம் குடியை முத்திரையில் வெளிப்படையாகப் பொறித்தார் என்றால், அரசர் அதை அஞ்சவில்லை என்றுதானே பொருள்? இடத்தையும் பாருங்கள். பைசாந்தியம் யர்மூக் போரில் அரபுகளிடம் தோற்றுச் சிரியாவை இழந்தும் பிழைத்தது. அதன் தலைநகருக்குக் கடலும் மதிலும் இருந்தன. சாசானியரின் தலைநகரான டெசிபோனும், வரி மிகுதியாகக் கிடைத்த இராக் சமவெளியும் பாலைவனத்தின் விளிம்பில் கிடந்தன. அந்த விளிம்பைக் காத்து வந்த ஹீரா நகரத்து அரபு அரச மரபான லக்மியரின் அரசர் நுஃமானை ஒழித்தவரும் இரண்டாம் குஸ்ரோவே. வேலியைத் தாமே பிடுங்கிய பின் பயிர் மேயப்பட்டதற்குப் பிரபுக்கள் என்ன செய்வார்கள்?

கரிசல்காடு:
லக்மியரைப் பற்றி நீங்கள் சொல்வது சரியே. அதை நான் குறைவாக எடைபோட்டுவிட்டேன். ஆயினும் 642இல் நஹாவந்தில் அரபுகளிடம் தோற்றபின் ஒன்பது ஆண்டுகள் யஸ்தகிர்த் கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டே இருந்தார். எந்தக் குடியும் அவரைச் சுற்றித் திரளவில்லை. மெர்வின் ஆளுநர் மாஹோயே அவருக்கு எதிராகத் திரும்பினார்.

மணிமுத்தாறு:
படையும் பணமும் இழந்து ஓடிவரும் அரசரை எந்த நாட்டு ஆளுநரும் சுமையாகவே பார்ப்பார். முடிவை வைத்துத் தொடக்கத்தை அளக்காதீர்கள். படைத்தலைவர் ருஸ்தம் ஃபரூக்ஸாதை நினைத்துப் பாருங்கள். அவருடைய தந்தையைக் கொல்லச் செய்தவர் ஆசர்மிதுக்த் அரசி. ருஸ்தம் அதற்குப் பழி தீர்த்தார், மறுக்கவில்லை. ஆனால் அதன்பின் அதே அரச குடும்பத்துச் சிறுவன் யஸ்தகிர்துக்குத் துணைநின்று, அவனுக்காகவே அரபுகளோடு நடந்த காதிசிய்யா போரில் உயிர்விட்டார். பார்த்தியக் குடியில் பிறந்த அவரைப் பிளவின் சான்றாக எண்ண என் மனம் ஒப்பவில்லை.