எபாக்சி ஒட்டு பிசுபிசுக்கிறது, உள்ளே மேட் வெள்ளையாகத் தெரிகிறது. பிய்த்துவிட வேண்டுமா?

கேள்வி (மோர்ப்பண்ணை):
அண்ணன்மாருக்கு வணக்கம். எங்களுடையது சின்ன பைபர் பாய்மரப் படகு. பாறையில் உரசி அணியத்துக்கு (படகின் முன்முனை) கீழே விரிசல். சுற்றிலும் தேய்த்து, படகு கட்டுகிற இடத்தில் மிச்சமிருந்த மேட்டை (கண்ணாடி நூல் துண்டுகளைப் பசையால் ஒட்டின விரிப்பு) வைத்து எபாக்சி ஊற்றினேன். எபாக்சி ரெசின், அதை இறுகவைக்கிற ஹார்டனர் இரண்டையும் டப்பாவில் போட்டிருந்தபடி தராசில் நிறுத்துத்தான் கலந்தேன். இருட்டும்போது வேலை முடிந்தது. விடிந்து பார்த்தால் மேலே மெழுகு தடவினதுபோலப் பிசுபிசுப்பு. உள்ளே நூல் நூலாக வெள்ளை. ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மேலேயே இன்னொரு கோட் அடிக்கலாமா?

பதில் (தொண்டி):
தம்பி, சாதாரண ரெசினில் அதை இறுகவைக்கிற கோபால்ட், கேட்டலிஸ்ட் கலந்து மேலே ஒரு கோட் அடித்துவிடு. இறுகிவிடும். நம் பக்கத்துப் பைபர் படகெல்லாம் அதில்தானே ஓடுகிறது.

பதில் (பாம்பன்):
அண்ணே, கோபித்துக்கொள்ள வேண்டாம், இந்த இடத்தில் அது ஆகாது. அந்த ரெசின் பாலியெஸ்டர். பழைய பாலியெஸ்டர் மேல் எபாக்சி நன்றாகப் பிடிக்கும்; எபாக்சி மேல் பாலியெஸ்டரை நம்ப முடியாது. அடியில் பிசுபிசுப்பு இருந்தால் அதுவும் சேர்ந்து இறுகாமல் நிற்கும். இன்னொன்று, இதைப் படிக்கிற சின்னப் பையன்களுக்காகச் சொல்கிறேன்: கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேருக்கு நேர் கலந்துவிடாதீர்கள், தீப்பிடிக்கும், வெடிக்கும்.

தம்பி, உன் அளவில் தப்பில்லை. வெள்ளை தெரிவதற்கு மேட்தான் காரணம். அதன் நூல்களை ஒட்டிவைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சியில் ஸ்டைரீன் கிடையாது. அதனால் மேட் விறைப்பாகவே நின்று, ஓரம் தூக்கிவிட்டது. நெய்த கிளாஸ் துணி வாங்கு. எபாக்சி பட்டதும் துணி கண்ணாடிபோலத் தெளிந்துவிடும், வெள்ளை எங்கே நிற்கிறதோ அங்கே ரெசின் போகவில்லை.

பிசுபிசுப்பு வேறு விஷயம். ராத்திரிப் பனியும் கடலோர ஈரமும் பட்டால் எபாக்சி மேல் ஒரு படலம் கட்டும். நல்ல தண்ணீரும் நாரும் போட்டுத் தேய்த்தால் போய்விடும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அதையே உள்ளே தேய்த்து ஏற்றுகிறாய். கழுவின பிறகும் நகம் பதிந்தால் அது இறுகவே இல்லை என்று அர்த்தம்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிண்ணே. கழுவினேன், பிசுபிசுப்பு போய்விட்டது, நகம் பதியவில்லை. ஆனால் வெள்ளை அப்படியே இருக்கிறது. அடுத்த தடவை ஹார்டனரைக் கொஞ்சம் கூட்டினால் பனிக்கு முன்னால் இறுகுமா?

பதில் (பாம்பன்):
கூட்டாதே. பாலியெஸ்டரில் கேட்டலிஸ்ட்டை வெயிலுக்குத் தக்கபடி 1 முதல் 2 சதவீதம் வரை மாற்றிப் பழகின கைக்கு அப்படித்தான் தோன்றும். எபாக்சியில் ஹார்டனரும் ரெசினோடு சேர்ந்து பிளாஸ்டிக்காக மாறுகிற சரக்கு; கூடினது இறுகாமல் உள்ளேயே தங்கிவிடும். வேகம் வேண்டுமென்றால் வேகமான ஹார்டனராகவே கேட்டு வாங்கு.

ஒட்டை முழுசாகத் தேய்த்து எடுத்துவிடு. முகமூடியும் கையுறையும் கட்டாயம். நல்ல தண்ணீரில் உப்பு போகக் கழுவி, நன்றாகக் காயவிடு. விரிசலைச் சுற்றிச் சரிவாகத் தேய்: 1 மி.மீ. தடிப்புக்கு 12 மி.மீ. அகலம். உன் படகு 5 மி.மீ. என்றால் ஒவ்வொரு பக்கமும் 60 மி.மீ. வெயில் ஏறும்போது பூசினால் உள்ளிருக்கும் காற்று விரிந்து குமிழ் விடும். வெயில் இறங்கத் தொடங்கியதும் நிழலில் பூசி, பூசின இடத்தில் ஒட்டாதபடி மேலே தார்ப்பாய் கட்டிவிடு. கலந்ததைக் குவளையிலேயே வைத்திருக்காதே, சூடேறிப் புகைந்துவிடும். அகலத் தட்டில் ஊற்றிக்கொள்.

பதில் (தொண்டி):
மேட் விஷயம் எனக்கும் புதுசு தம்பி. சரி, பெயிண்ட் அடிக்காமல் விடலாமா?

பதில் (பாம்பன்):
விடக்கூடாதுண்ணே. எபாக்சி வெயில் தாங்காது, மஞ்சளாகி மாவாக உதிரும். நன்றாக இறுகின பிறகு மறுபடி கழுவி, உப்புத்தாள் போட்டு, பெயிண்ட் அடித்துத்தான் தண்ணீரில் இறக்க வேண்டும்.