நகை எடுத்துச் செல்பவருக்கு எந்தக் கைத்துப்பாக்கி பொருந்தும்? (பெங்களூரு)

கேள்வி – நகரத்பேட்டை பட்டறை

அனைவருக்கும் வணக்கம். நான் பெங்களூரு நகரத்பேட்டையில் தங்க நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். என் தாத்தா காலத்திலிருந்து இதே தொழில், இதே சந்து. செய்து முடித்த நகைகளை வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் கமர்ஷியல் தெருவிலும் ஜெயநகரிலும் உள்ள கடைகளுக்கு நானே ஸ்கூட்டரில் எடுத்துச் செல்கிறேன். 2021இல் ஹால்மார்க் கட்டாயமான பிறகு முத்திரை மையத்துக்குப் போய் வரும் நடையும் சேர்ந்துகொண்டது. சில நாட்களில் என் பையில் இருப்பது பிறருடைய தங்கம். அதற்கு நான்தான் பொறுப்பு.

சென்ற மாதம் ஒரு நாள் இரவு எட்டரை மணிக்கு, கார்ப்பரேஷன் சந்திப்பைத் தாண்டியதிலிருந்து பைக்கில் இருவர் என் பின்னாலேயே வந்தார்கள். சந்தேகப்பட்டு ஒரு பெட்ரோல் பங்கில் நுழைந்தேன். அவர்கள் எதிர்ப்புறம் நிறுத்தி, வண்டியை விட்டு இறங்காமல் காத்திருந்தார்கள். பத்து நிமிடம் கழித்து, ஆட்கள் கூடிய பிறகே நகர்ந்தார்கள். அன்றிலிருந்து நான் வீடு திரும்பும் வரை என் மனைவி சாப்பிடுவதில்லை.

முறைப்படி உரிமம் வாங்கி ஒரு கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ரிவால்வர் நல்லதா, பிஸ்டல் நல்லதா? இணையத்தில் பார்க்கும் காணொளிகளில் எல்லாம் 9 எம்எம் வாங்கச் சொல்கிறார்கள். அது இங்கே கிடைக்குமா? ஸ்கூட்டரில் உட்காரும்போது சட்டைக்குள் வெளியே தெரியாமல் எப்படி வைத்துக்கொள்வது? ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பல ஆண்டுகளுக்கு முன் பட்டறையில் தீக்காயம் பட்டதால் என் வலது ஆள்காட்டி விரல் முழுமையாக மடங்குவதில்லை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் – அல்சூர் சாப்பர்

தம்பி, நான் ராணுவத்தின் பொறியியல் படைப்பிரிவான மதராஸ் சாப்பர்ஸில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு சில ஆண்டுகள் புதிதாக உரிமம் பெறுபவர்களுக்குப் பயிற்சி அளித்திருக்கிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசியில் நீங்கள் சொன்ன விரல்தான். ஆனாலும் வரிசையாகவே சொல்கிறேன்.

நீங்கள் பார்த்த காணொளிகள் அமெரிக்கர்களுக்காக எடுக்கப்பட்டவை. அவர்களுக்குக் கடையில் நூறு வகை இருக்கிறது. நமக்கு அப்படி இல்லை. 9 எம்எம் இந்தியாவில் தடை செய்யப்பட்ட ரகம். ஆயுதச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி மத்திய அரசின் தனி அனுமதி இல்லாமல் பொதுமக்கள் அதை வைத்திருக்க முடியாது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து பொதுமக்களுக்கான கைத்துப்பாக்கி இறக்குமதியும் அடைக்கப்பட்டுவிட்டதால், பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகள் கைமாறும்போது பல லட்சம் ரூபாய் விலை சொல்கிறார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள். உங்களைப் போன்றவர் நடைமுறையில் தேர்ந்தெடுக்கக்கூடியது .32 ரகம்தான் (9 எம்எம் போல இதுவும் குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் அளவு, அங்குலத்தில்).

அதில் சுழலும் உருளையில் தோட்டா போடும் ரிவால்வரும் உண்டு, கைப்பிடிக்குள் தோட்டாப் பெட்டி செருகும் பிஸ்டலும் உண்டு. இரண்டையும் ".32" என்றே சொல்வதால் தோட்டாவும் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். ரிவால்வரின் தோட்டா நீளமானது, அடியில் விளிம்பு உடையது. பிஸ்டலின் தோட்டா குட்டையானது. ஒன்றை மற்றொன்றில் பயன்படுத்தக் கூடாது.

ரிவால்வரில் கான்பூரில் செய்யும் ஆறு தோட்டா ரிவால்வர்தான் பலரிடம் இருக்கிறது. ஏறத்தாழ முக்கால் கிலோ எடை. குழலை முன்பக்கம் மடக்கித் திறந்து தோட்டா போடும் பழைய அமைப்பு. 2014இல் அதே அமைப்பில் 'நிர்பீக்' என்ற இலகுவான ரிவால்வரைக் கொண்டுவந்தார்கள். டைட்டானியக் கலவையில் செய்தது, எடை 500 கிராம், அறிமுக விலையே 1,22,360 ரூபாய். 2023இல் வந்த 'பிரபல்' தோட்டா உருளை பக்கவாட்டில் திறக்கும் வகை. 700 கிராமுக்குச் சற்றுக் குறைவு. பிஸ்டல் வேண்டுமென்றால் 'அஷானி' இருக்கிறது.

இடுப்பில் நாள் முழுதும் சுமக்கும்போது 200 கிராம் வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் இலகுவான துப்பாக்கி சுடும்போது கையில் அதிகமாகத் துள்ளும். அதனால் எடையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்வது ரிவால்வர். பிஸ்டலில் மேற்புற ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து விட்டால்தான் முதல் தோட்டா உள்ளே ஏறும். தோட்டா சிக்கிக்கொண்டால் மறுபடியும் இழுத்துச் சரிசெய்ய வேண்டும். பதற்றத்தில் இதைச் சரியாகச் செய்ய ஆயிரக்கணக்கான முறை பழகியிருக்க வேண்டும். ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை, அதாவது சுடுவதற்கு ஆள்காட்டி விரலால் இழுக்கும் கொக்கியை, மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும். ஆனால் அதற்கு ஈடாக அதன் விசை கனமானது. தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியலையும் உருளையையும் உங்கள் ஒரே விரல்தான் நகர்த்த வேண்டும். அந்த விரல்தான் உங்களுக்கு மடங்குவதில்லை என்கிறீர்கள். ஆகவே பணம் கட்டும் முன் பயிற்சி மையத்தில் காலித் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பாருங்கள். குழலின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையைக் கடைசி வரை இழுங்கள். பத்து முறை இழுத்து பத்து முறையும் நாணயம் நின்றால் அந்தத் துப்பாக்கி உங்களுக்கு ஆகும்.

எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டீர்கள். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன: பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறையிலோ பையிலோ முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும், எப்போதும் உங்கள் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். ஆகவே வெளியே தெரியாமல் வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம் அல்ல, விதியே அதுதான். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போனால் அது கட்டுப்பாடு ஆகாது. கால்சட்டைப் பையில் சாவியோடு போடுவது அதைவிடக் கெடுதல். விசையை முழுவதும் மூடும் கெட்டியான தோல் உறை, அது தொங்காமல் நிற்க இரட்டைத் தோலில் தைத்த பெல்ட், ஒரு அளவு பெரிய சட்டை, இவை மூன்றும் வேண்டும். இரவு வீட்டுக்கு வந்ததும் தோட்டாவை இறக்கிவிட்டு எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள். வியர்வை உப்பு பட்ட இடம் சீக்கிரமே துருப்பிடிக்கும்.

பதில் – வழக்குரைஞர், சிவாஜிநகர்

ஐயா, எந்தத் துப்பாக்கி என்று சாப்பர் அண்ணா சொல்லிவிட்டார். எப்போது அதை எடுக்கலாம் என்பதை நான் சொல்ல வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கி, பிறகு எங்களிடம் வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தற்காப்புரிமை முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்றும், காவல்துறையை நாட நேரம் இருந்தால் இந்த உரிமை கிடையாது என்றும் 37ஆம் பிரிவு சொல்கிறது. உயிர் போய்விடும், கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாக அஞ்சும் நிலையில் எதிராளியின் உயிர் போனாலும் சட்டம் உங்களைக் காக்கும். அதை 38ஆம் பிரிவில் காணலாம்.

உங்கள் தொழிலுக்கு முக்கியமானது இதற்கு அடுத்த பகுதி. பைக்கில் வந்தவன் பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறான் என்று வையுங்கள். வெறும் பறிப்பு என்பது புதிய சட்டத்தின்படி திருட்டின் ஒரு வகை. திருட்டைத் தடுக்க உயிரைப் பறிக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. அந்தத் திருட்டினாலேயே உயிருக்கோ உடலுக்கோ பெருந்தீங்கு நேரும் என்று நியாயமான அச்சம் இருந்தால்தான் உண்டு. கத்தியைக் காட்டியோ அடித்தோ பறித்தால் அது கொள்ளை. அங்கே 41ஆம் பிரிவின்படி உரிமை விரிகிறது. ஆனால் கொள்ளையிலும் அந்த உரிமை, அவன் உங்களைத் தாக்குகிற அல்லது அச்சுறுத்துகிற நேரம் வரைதான். பையோடு முப்பது அடி தள்ளிப் போய்விட்டவனின் முதுகில் சுட்டால், உங்கள் தங்கம் உண்மையில் திருடு போயிருந்தாலும் நீங்களே குற்றவாளிக் கூண்டில் நிற்பீர்கள். தற்காப்புக்காகவே சுட்டேன் என்று காட்டும் பொறுப்பும் உங்களுடையது.

அன்று பெட்ரோல் பங்கில் நுழைந்தீர்களே, சட்டத்தின் பார்வையிலும் அதுவே மிகச் சரியான செயல். அந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் துப்பாக்கியை எடுத்துக் காட்டியிருந்தால் வழக்கு உங்கள் மேல்தான் வந்திருக்கும்.

விண்ணப்பத்தைப் பற்றிச் சுருக்கமாக: 21 வயது நிறைந்திருக்க வேண்டும்; பெங்களூரு நகரத்தில் உரிமம் தருபவர் காவல் ஆணையர்; விண்ணப்பம் இணையம் வழியாகப் போகும்; ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் கட்டாயம்; ஆயுதத்தைப் பூட்டிப் பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழியும் தர வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் ஐந்தாண்டு செல்லும். யாரோ பின்தொடர்ந்தார்கள் என்று மட்டும் எழுதினால் போதாது. எத்தனை ஆண்டுத் தொழில், ஜிஎஸ்டி பதிவு, எடுத்துச் செல்லும் நகையின் மதிப்பு, அன்றைய சம்பவத்துக்கு நீங்கள் கொடுத்த எழுத்துமூலப் புகார், எல்லாவற்றையும் இணையுங்கள். புகார் கொடுத்திருக்காவிட்டால் இப்போதாவது கொடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது.

உரிமம் கைக்கு வரும் முன் "பழையது ஒன்று இருக்கிறது, மலிவாகத் தருகிறேன்" என்று யாராவது வந்தால் தொடக்கூட வேண்டாம். உரிமம் இல்லாமல் வைத்திருப்பதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே இரண்டு ஆண்டு சிறை.

பதில் – ஸ்ரீராமபுரம்

என் அப்பாவிடம் பதினெட்டு ஆண்டுகள் .32 ரிவால்வர் இருந்தது. அவரும் வசூல் பணத்தோடு அலைந்தவர். ஒரு முறைகூட அதை உறையிலிருந்து எடுக்க நேரவில்லை. ஆனால் அது வீட்டில் இருந்த பதினெட்டு ஆண்டும் என் அம்மா பீரோ சாவியைத் தாலியோடு கோத்துக்கொண்டு தூங்கினார். நாங்கள் மூன்று பிள்ளைகள் அல்லவா. தேர்தல் அறிவிப்பு வரும்போதெல்லாம் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, முடிந்த பிறகு போய் வாங்கி வர வேண்டும். அதை வைத்துக்கொண்டு மெட்ரோவில் ஏற முடியாது, மால் வாசலில் நிறுத்துவார்கள், கல்யாண வீட்டில் குழந்தைகள் மடியில் வந்து உட்கார்ந்தால் அப்பா பதறி எழுந்துவிடுவார். வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால், துப்பாக்கிக்கு முன்னால் சுவரில் பதித்துப் பூட்டும் இரும்புப் பெட்டியை வாங்குங்கள்.

பதில் – நகரத்பேட்டை பட்டறை

மூவருக்கும் நன்றி. எட்டு வாரம் கழித்து எழுதுகிறேன். புகார் கொடுத்து அதன் நகலை வாங்கிக்கொண்டேன், விண்ணப்பமும் போட்டுவிட்டேன். பயிற்சி வகுப்பில் காலி ரிவால்வரை வைத்து நாணயச் சோதனை செய்தேன். பத்துக்கு இரண்டு முறைதான் நாணயம் நின்றது. விசையைப் பாதி இழுத்ததும் விரல் நடுங்குகிறது. குழல் இடப்பக்கம் சாய்கிறது. சுத்தியலைக் கட்டைவிரலால் முன்னதாகவே பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டால் விசை மிக லேசாக இருக்கிறது. அப்போது பத்து முறையும் நின்றது. அப்படியே பழகிக்கொள்ளலாமா?

இதற்கிடையில் நகையை இரவில் எடுத்துச் செல்வதை நிறுத்திவிட்டேன். பட்டறைப் பையன் ஒருவன் பின்னால் உட்கார்ந்து வருகிறான். வழியையும் நேரத்தையும் தினமும் மாற்றுகிறேன். என் மனைவி இப்போது என்னோடு சேர்ந்து சாப்பிடுகிறார்.

பதில் – அல்சூர் சாப்பர்

தம்பி, நேரத்தையும் வழியையும் மாற்றியது நல்ல செயல். உரிமம் வந்த பிறகும் அதை விடாதீர்கள். 1983இல் அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி காவல்துறையைச் சேர்ந்த டென்னிஸ் டூலர் அளந்து பார்த்து எழுதினார்: கத்தியோடு ஓடி வருபவன் 21 அடியை ஏறத்தாழ ஒன்றரை விநாடியில் கடந்துவிடுகிறான். இடுப்பில் திறந்த உறையிலிருந்து எடுத்துச் சுடப் பழகிய காவலருக்கே அந்த நேரம் தேவைப்பட்டது. நீங்கள் சட்டையை விலக்கி எடுக்க வேண்டும். நகரத்பேட்டைச் சந்தின் அகலம் உங்களுக்கே தெரியும். அங்கே 21 அடி ஏது? தோட்டா தவறினால் எதிரே பூக்கடையில் நிற்பவர்மேல் படும்.

சுத்தியலை முன்னதாக இழுத்து வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அந்த நிலையில் விசை நூலிழை அசைவில் வெடிக்கும். பதற்றத்தில் கை இறுகும்போது நீங்கள் நினைக்காமலேயே சுட்டுவிடுவீர்கள். சுடத் தேவையில்லை என்று தெரிந்த பிறகு, நடுங்கும் கையால் அந்தச் சுத்தியலை மெல்ல இறக்குவது அதைவிட ஆபத்து. இலக்குத் தாளில் சுடும்போது மட்டும் அப்படிச் செய்யுங்கள்.

நான் கேட்க மறந்த ஒன்று: உங்கள் இடது ஆள்காட்டி விரல் நன்றாக இருக்கிறதா? ஸ்கூட்டரில் வலது கை ஆக்ஸிலேட்டரில் இருக்கும். ஓடும் வண்டியில் ஒருபோதும் எடுக்கக்கூடாது என்றாலும், நின்ற வண்டியில் இடது கைதான் முதலில் விடுபடும். அடுத்த வகுப்பில் இடது கையில் பிடித்து, வலது கையைக் கீழே தாங்கலாகக் கொடுத்து, நாணயத்தை வைத்துப் பாருங்கள். முதல் வாரம் அந்நியமாக இருக்கும். தினமும் இருபது முறை, காலி என்று இரண்டு தடவை பார்த்து உறுதி செய்த பிறகு, போலித் தோட்டா போட்டு, ஆள் இல்லாத சுவரை நோக்கி இழுங்கள். ஒரு மாதத்தில் பத்துக்கு எட்டு முறை நின்றால் எனக்கு எழுதுங்கள். இடது இடுப்புக்கான உறை கடைகளில் எளிதில் கிடைக்காது, அளவு கொடுத்துத்தான் தைக்க வேண்டும். பத்துக்கு ஐந்துகூட நிற்கவில்லை என்றாலும் எழுதுங்கள். அப்போது வாங்குவதையே தள்ளிப்போடுவது பற்றிப் பேசுவோம்.