கையைத் தூக்கினா டாப்ஸே மேல ஏறுது

குடும்பக் குழு: ஊசியும் நூலும்

தங்கச்சி, காலை 9:12
[படம்]
பெரியம்மா, டாப்ஸ் முடிச்சாச்சு. ஆனா ரெண்டு பிரச்சினை. ஷோல்டர்ல கை சேர்ற இடத்துல சுருக்கம் சுருக்கமா நிக்குது. கையைத் தூக்கினா டாப்ஸ் மொத்தமும் மேல ஏறுது. கைக்குழியை, அதான் கை சேர்க்கிற ஓட்டையை, இன்னும் அரை இன்ச் இறக்கி வெட்டிடட்டுமா?

பெரியம்மா, 9:14
வேணாம். முதல்ல கத்தரியைக் கீழ வை.

பெரியம்மா, 9:17
இறக்கினா இன்னும் மோசமாகும். கையைத் தூக்கும்போது அக்குள்லேர்ந்து இடுப்பு வரைக்கும் உடம்பு நீளுது, துணி நீளாது. கை தைச்ச இடம் அக்குளுக்குக் கீழ எவ்வளவு இறங்கியிருக்கோ அவ்வளவுக்கு அது பக்கத் துணியைப் பிடிச்சு மேல தூக்கும். கைக்குழி அக்குளை ஒட்டி மேல இருந்தாத்தான் கை மட்டும் தனியா அசையும்.

பெரியம்மா, 9:18
இழுக்குது, பிடிக்குதுன்னா உடனே இறக்கி வெட்டணும்னு தோணும். எல்லாருக்கும் தோணுறதுதான். அக்குள் தோலையே அறுத்தாத்தான் இறக்கணும். உனக்கு அறுக்குதா?

தங்கச்சி, 9:19
இல்லை. அங்க லூஸாத்தான் இருக்கு.

பெரியம்மா, 9:19
அப்போ இறக்கம் ஏற்கெனவே அதிகம்.

அண்ணி, 9:25
ரெண்டு அளவு எடுத்து அனுப்பு. கைக்குழியோட சுத்தளவு, கைத்துணியோட மேல் வளைவு. வெட்டின ஓரத்துல அளக்காதே, தையல் கோட்டு மேலேயே அளக்கணும். டேப்பைப் படுக்கப் போட்டா வளைவுல சரியா வராது. அதை நிமிர்த்தி, ஓரம் துணியைத் தொடுற மாதிரி நிறுத்தி, வளைவோட நடத்திக்கிட்டே போ.

தங்கச்சி, 9:41
கைக்குழி சுத்தி 18 இன்ச். கை வளைவு 20 இன்ச். மார்புச் சுற்று 36. கைக்குழி இறக்கம், தோள்லேர்ந்து அக்குள் வரை, 9.

பெரியம்மா, 9:43
9 எப்படி வந்துச்சு? 36-ஐ நாலால வகுத்ததா?

தங்கச்சி, 9:43
ஆமா பெரியம்மா

பெரியம்மா, 9:46
அந்தக் கணக்கு அகலத்துக்கு. அதுலயும் லூஸ் சேர்த்துத்தான் வகுக்கணும். நீட்சி இல்லாத பருத்தித் துணிக்கு 36 + 4 = 40, நாலால வகுத்தா 10, பக்கத் தையலுக்கு 1, மொத்தம் 11. இறக்கம் வேற. கை வைக்கிற டாப்ஸுக்கு 36 சுற்றளவுக்கு 7½லேர்ந்து 8 போதும். கை இல்லாததுன்னா இன்னும் கொஞ்சம் மேலயே நிறுத்தணும், இல்லேன்னா உள்ளாடை தெரியும்.

அண்ணி, 9:50
சுருக்கத்துக்கும் காரணம் உன் அளவுலயே இருக்கு பாரு. 20லேர்ந்து 18 போனா 2 இன்ச் மிச்சம். கைத்துணி கைக்குழியை விட கொஞ்சம் பெருசா இருக்கணும்தான், தோள் முனை உருண்டை அதுக்குள்ள உட்காரணுமே. அதுக்கு அரை இன்ச்லேர்ந்து 1 இன்ச் வரை போதும். கம்பளித் துணியா இருந்தா மிச்சத்தை நீராவி அயர்ன்ல சுருக்கி அடக்கிடலாம். இறுக்கமா நெய்த பருத்தி அப்படி அடங்காது. 2 இன்ச்சை எங்கதான் ஒளிக்கிறது? சுருக்கமா வெளிய வந்துடுது.

நான், 9:52
அப்போ சுருக்கம் தைச்சதால வந்தது இல்லையா?

அண்ணி, 9:53
இல்லைங்க. பேப்பர்ல வரையும்போதே வந்தாச்சு.

சித்தி, 10:05
படத்தைப் பெருசாக்கிப் பார்த்தேன். இன்னொண்ணும் இருக்கு. துணியில மெல்லிசு கோடு ஓடுது பார். இடது கையில கோடு தோள்லேர்ந்து நேரா விழுது. வலது கையில முழங்கைப் பக்கம் வரும்போது திரும்பிக்கிட்டு நிக்குது.

சித்தி, 10:06
கை ரெண்டையும் துணியை மடிச்சுப் போட்டு ஒண்ணா வெட்டினியா, தனித்தனியாவா?

தங்கச்சி, 10:08
துணி பத்தலை சித்தி. ஒரு கையை வெட்டிட்டு, மிச்சத் துணியில அதே பேப்பர் பேட்டர்னை வெச்சு இன்னொண்ணு.

சித்தி, 10:10
பேட்டர்னைத் திருப்பிப் போடலை. அதான். ரெண்டும் இடது கை. கைத்துணியோட முன்பக்க வளைவு பின்பக்கத்தை விட ஆழமா குடைஞ்சிருக்கும். வலது பக்கம் அந்த ஆழமான வளைவு முதுகுப் பக்கம் போயிடுச்சு.

தங்கச்சி, 10:11
ஐயோ. அந்தக் கையை மறுபடி வெட்டத் துணியே இல்லை

சித்தி, 10:13
வேண்டாம்மா, தப்பிச்சே. கோடு நெய்ததுதானே, அச்சடிச்சது இல்லையே? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா அந்தக் கையை முழுசாப் பிரிச்சு, கைக்கு அடியில ஓடுற அடிக்கைத் தையல், மடிப்பு எல்லாம் பிரிச்சு, உள்பக்கத்தை வெளிப்பக்கமாத் திருப்பிடு. வலது கை ஆயிடும். அச்சுத் துணியா இருந்தா வழியே கிடையாது.

சித்தி, 10:14
இனிமே வெட்டும்போதே ஓரத்துல அடையாள வெட்டு போடு. முன்பக்கத்துக்கு ஒண்ணு, பின்பக்கத்துக்கு ரெண்டு. கைக்குழிலயும் அதே மாதிரி. வெட்டு 3 மி.மீ. தாண்டக் கூடாது.

பெரியம்மா, 10:22
சரி, எப்படியும் ரெண்டு கையும் பிரிக்கணும். பிரிச்சதோட வளைவையும் சரி பண்ணிடலாம். கைத்துணியோட உச்சியில, தோள் தையலைச் சந்திக்கிற இடத்துல, 1 இன்ச் கீழ புள்ளி வை. அங்கேருந்து ரெண்டு பக்கமும் அடையாள வெட்டு வர வேண்டிய இடம் வரைக்கும் மெதுவா சரிஞ்சு போய்ப் பழைய கோட்டுல கலக்கணும். வெட்டுக்குக் கீழ, அக்குள் பக்கம், தொடவே தொடாதே. உன் கை அகலத்துக்கு வளைவு 20லேர்ந்து ஏறக்குறைய 18¾க்கு வரும். கைக்குழி 18. முக்கால் இன்ச் மிச்சம், அழகா அடங்கும்.

பெரியம்மா, 10:24
உச்சி உயரம் குறைஞ்சா கை கொஞ்சம் விரிஞ்சாப்ல நிக்கும். தூக்கறதுக்கும் அதான் சௌகரியம். கையைத் தொங்க விட்டா அக்குள்கிட்ட ரெண்டு மடிப்பு விழும், விழட்டும். உச்சி உயரமா இருந்தா தொங்கும்போது வழவழன்னு இருக்கும், தூக்க முடியாது. ரெண்டும் சேர்ந்து கிடைக்காது. கை நீளமும் 1 இன்ச் குறையும், அதனால கீழ்மடிப்பைப் பிரிச்சு விட இடம் இருக்கான்னு பார்த்துட்டு வெட்டு.

தங்கச்சி, 10:25
மடிப்பு 1½ இன்ச் இருக்கு 👍

மாமா, 10:40
அக்கா சொன்னதெல்லாம் சரி. எனக்குப் பிரிச்ச தையலோட உள்பக்கம் ஒரு படம் வேணும்.

தங்கச்சி, 10:47
[படம்]

மாமா, 10:52
நினைச்சேன். கீழ்ப்பக்கம் நூல் வளையம் வளையமாத் தொங்குது. கீழ வளையம் வந்தா எல்லாரும் கீழ்நூல் சுத்தின பாபினைக் குடைவாங்க. தப்பு மேல் நூல்ல. மேல் நூல், அதைப் பிடிச்சு இறுக்குற டென்ஷன் தட்டுக்குள்ள உட்காராம வெளிய ஓடுது. அதைப் பிடிச்சு நிறுத்த ஆளில்லாததால கீழ பாபினைச் சுத்தி ஓடுற ஹூக் இழுக்க இழுக்கக் கீழ வந்து குவியுது.

மாமா, 10:54
துணியை அழுத்துற பாதத்தை மேல தூக்கி வெச்சுட்டு நூல் கோர்த்துப் பார். பாதம் மேல இருந்தாத்தான் தட்டு ரெண்டும் திறக்கும். கீழ இருக்கும்போது கோர்த்தா நூல் தட்டுக்கு மேலேயே நிக்கும். கோர்த்த பிறகு பாதத்தை இறக்கி நூலை இழு. இறுக்கமா வரணும். மேல தூக்கி இழுத்தா லேசா வரணும். இந்த வித்தியாசம் தெரிஞ்சா நூல் உள்ளே இருக்கு. ரெண்டும் ஒரே மாதிரி வந்தா மறுபடி கோர்க்கணும். டென்ஷன் நம்பரை அதுக்கு அப்புறம்தான் தொடணும்.

தங்கச்சி, 11:03
பாதம் கீழதான் இருந்துச்சு மாமா. இப்போ வித்தியாசம் தெரியுது. நடுநடுவுல தையல் விட்டும் போகுது.

மாமா, 11:06
ஊசி எத்தனை நம்பர்? எப்போ மாத்தினது?

தங்கச்சி, 11:07
மிஷின்ல இருந்த ஊசிதான், மாத்தினதே இல்லை.

மாமா, 11:12
எட்டு மணி நேரம் ஓடின ஊசியை மாத்திடணும். முனை மழுங்கினா துணியைக் குத்தாம தள்ளும், அந்த நேரத்துல ஹூக் வந்து பார்த்தா நூல் வளையம் இருக்காது, தையல் விட்டுப் போகும். மெல்லிசு வாயில் துணின்னா 70, உன் துணிக்கு 80 இல்லேன்னா 90, ஜீன்ஸுக்கு 100. 90ன்னா ஊசித் தண்டோட கனம் 0.9 மி.மீ. பனியன் மாதிரி நீளுற துணிக்கு உருண்டை முனை ஊசி, கூர் ஊசி அதோட இழையை அறுத்துடும்.

மாமா, 11:14
மாட்டும்போது ஊசியை நல்லா மேல வரைக்கும் தள்ளிட்டு ஸ்க்ரூவை முடுக்கு. ஒரு மி.மீ. கீழ நின்னாலும் தையல் விடும். ஊசியில ஒரு பக்கம் நீளமா பள்ளம் ஓடும், தடவினா நகத்துல தெரியும். நூல் அந்தப் பக்கத்துலேர்ந்துதான் காதுக்குள்ள போகணும். அப்படியே பாபின் கேஸைக் கழட்டி உள்ள இருக்கிற பஞ்சை பிரஷ்ஷால எடுத்துடு. எண்ணெய் விட்டா மிஷின் எண்ணெய் மட்டும். சமையல் எண்ணெய் நாளானா பிசினா இறுகிடும்.

அண்ணி, 11:30
கை ஏத்தும்போது இதைக் கவனி. உச்சியைச் சுத்தி, முன் வெட்டுலேர்ந்து பின் வெட்டு வரைக்கும், தையல் நீளம் 4ல வெச்சு ரெண்டு வரிசை ஓட்டு. தையல் கோட்டுக்கு உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு. ஒரே வரிசைன்னா துணி மடிஞ்சு விழும், ரெண்டு இருந்தா தட்டையா நிக்கும். கீழ்நூலை மட்டும் இழுத்து, முக்கால் இன்ச்சையும் பரப்பு. தோள் உச்சியில அரை இன்ச் தூரத்துக்குச் சுருக்கமே வேண்டாம், அங்க துணி நேர் நூல்ல இருக்கு, அடங்காது. ரெண்டு பக்கச் சரிவுலதான் கிராஸ், அதாவது ஓரம் நூலுக்குச் சாய்வா ஓடும், அங்கதான் அடங்கும்.

அண்ணி, 11:32
தைக்கும்போது கைத்துணி கீழ, டாப்ஸ் மேல. கீழ இருக்கிற பற்கள் அடித்துணியைத் துளி வேகமா தள்ளும், மேல்துணியைப் பாதம் பிடிச்சு நிறுத்தும். அதனால மிச்சம் இருக்கிற துணி எப்பவும் பல்லுக்குப் பக்கத்துல இருக்கணும். மாத்தி வெச்சா அதே மிச்சம் பாதத்துக்கு முன்னாடி அலையா வந்து நிக்கும். தையல் நீளம் 2.5.

தங்கச்சி, 11:33
இதை நான் தலைகீழாத்தான் வெச்சேன் அண்ணி.

சித்தி, 11:40
தைச்சதும் பிரிச்சு அயர்ன் பண்ணாதே. தைச்சது தைச்சபடியே முதல்ல ஒரு அழுத்து, நூல் துணிக்குள்ள இறங்கும். அப்புறம்தான் தையலைக் கைப்பக்கம் சாய்ச்சு அழுத்தணும். அயர்னைத் தேய்க்காம தூக்கித் தூக்கி வை. தேய்ச்சா வளைவு நீண்டுடும்.

நான், 11:44
கழுத்தும் கொஞ்சம் வாய் பிளந்து நிக்குதே, அதுவும் அயர்னாலயா?

சித்தி, 11:48
இருக்கலாம். அதை விட, வெட்டின உடனே கழுத்துக்கு ஒரு காவல் தையல் போடலைன்னு நினைக்கிறேன். கழுத்து வளைவுல ரெண்டு ஓரம் கிராஸ், கையில எடுத்தாலே நீளும். அரை இன்ச் தையல் விட்டிருந்தா, ஓரத்துலேர்ந்து ⅜ இன்ச்ல, ஒத்தைத் துணியில, தையல் நீளம் 2ல ஓட்டிடணும். தோள்லேர்ந்து நடு வரைக்கும் ஒரு தடவை, மறு தோள்லேர்ந்து நடு வரைக்கும் ஒரு தடவை. ஒரே ஓட்டமா ஓட்டினா ஒரு பக்கமா இழுத்துக்கும்.

சித்தி, 11:50
ஓரத்தை மூடுற பைப்பிங் பட்டையும் கழுத்துல வைக்கும்போது லேசா இழுத்துப் பிடிச்சுத் தைக்கணும். உள்வளைவுல பட்டையோட வெளி ஓரம் கழுத்தை விடக் குட்டையா இருந்தாத்தான் படியும். சமமா வெச்சதால எழும்பி நிக்குது.

தங்கச்சி, மாலை 4:20
[படம்]
ரெண்டு கையும் ஏத்தியாச்சு. சுருக்கம் போயிடுச்சு! கோடும் நேரா விழுது. தூக்கினா ஏறுறது பாதி குறைஞ்சிருக்கு, முழுசாப் போகலை.

பெரியம்மா, 4:26
முழுசாப் போகாது, 9 இன்ச் வெட்டினது வெட்டினதுதான். இருந்தாலும் அக்குள்ல ஒரு சதுரத் துண்டு வெச்சா சரியாகும். 4 இன்ச்சுக்கு 4 இன்ச் ரெண்டு துண்டு, நேர் நூல்லயே வெட்டு. மூலைக்கு மூலை பிடிச்சு இழுத்துப் பார், அங்க கிராஸ். கையைத் தூக்கும்போது அந்த மூலைதான் நீளும்.

பெரியம்மா, 4:31
அக்குள்லேர்ந்து பக்கத் தையலைக் கீழ 3 இன்ச் பிரி. அடிக்கைத் தையலையும் 3 இன்ச் பிரி. நாலு பக்கம் உள்ள ஒரு வாய் திறக்கும்: முன் உடம்பு, முன் கை, பின் கை, பின் உடம்பு. துண்டோட நாலு மூலையிலும் ஓரத்துலேர்ந்து அரை இன்ச் உள்ள புள்ளி வை. புள்ளிக்குப் புள்ளி 3 இன்ச் வரணும்.

தங்கச்சி, 4:33
நாலு பக்கத்தையும் சுத்தி ஒரே ஓட்டமா தைச்சுடலாமா?

பெரியம்மா, 4:36
கூடாது. நாலும் தனித்தனித் தையல். ஒவ்வொண்ணும் புள்ளியில ஆரம்பிச்சு அடுத்த புள்ளியில நிக்கணும். ரெண்டு முனையிலும் பின்தையல் போட்டு நூலைக் கட்டு. ஒரே ஒரு தையல் புள்ளியைத் தாண்டினாலும் பக்கத்து மடிப்பைச் சேர்த்துப் பிடிச்சு மூலையில சொருகல் விழும். மூலைக்கு வரும்போது மிஷினைக் காலால ஓட்டாதே, சக்கரத்தைக் கையால சுத்து.

தங்கச்சி, 4:58
[படம்]
புள்ளி வெச்சாச்சு. முதல்ல எந்தப் பக்கம் பெரியம்மா?

பெரியம்மா, 5:01
முன் உடம்பு. அப்புறம் பின் உடம்பு. கைப்பக்கம் ரெண்டும் கடைசியா.