போர்ட்லாந்து மைதானத்தில் சியாட்டில் சட்டையோடு உட்காரலாமா?

வணக்கம். அடுத்த மாதம் சியாட்டிலில் தங்கை வீட்டில் இருப்பேன். அந்தச் சமயத்தில் போர்ட்லாந்தின் பிராவிடன்ஸ் பார்க்கில் உள்ளூர் கால்பந்து அணியான டிம்பர்ஸும் சியாட்டில் அணியான சவுண்டர்ஸும் மோதுகின்றன. காஸ்கேடியா கோப்பைக் கணக்கில் சேரும் ஆட்டம், விட மனம் வரவில்லை.

தெரியாதவர்களுக்கு: 2004இல் ரசிகர்களே உருவாக்கிய கோப்பை இது. வான்கூவர் வைட்கேப்ஸ் மூன்றாவது அணி. தனித் தொடர் கிடையாது. லீக் ஆட்டங்களில் தங்களுக்குள் எடுக்கும் புள்ளிகள்தான் கணக்கு. இந்தப் பெயருக்கு லீக்கை நடத்தும் எம்.எல்.எஸ். நிர்வாகமே வணிகக்குறி கேட்டபோது, ரசிகர்கள் மல்லுக்கட்டி மீட்டார்கள். எனக்கு அதனாலேயே இதன் மேல் தனிப் பிரியம்.

சிக்கல் என் மாப்பிள்ளைதான். சவுண்டர்ஸ் சட்டை இல்லாமல் வரமாட்டாராம். டிம்பர்ஸ் கோல் போட்டால் மரத்துண்டை ரம்பத்தால் அறுத்துக் கொண்டாடும் ஊர் அது! உள்ளூர்க்காரர்கள் நடுவே டிக்கெட் வாங்கினால் தொல்லை வருமா? வெளியூர் ரசிகர்களுக்கான பகுதியில் இடம் பிடிக்க ரசிகர் மன்றத்தில் உறுப்பினராக வேண்டுமா? இரவு ஆட்டம் முடிந்தபின் சியாட்டில் திரும்ப ரயிலோ பஸ்ஸோ கிடைக்குமா, அறை எடுப்பதே நல்லதா?

நேரில் போய் வந்தவர்கள் சொல்லுங்கள். டிக்கெட்டை இந்த வாரமே வாங்க வேண்டும்.