பெங்களூரிலிருந்து சென்னைக்கு மாறும் மாரத்தான் ஓட்டக்காரர்: எங்கே குடியேறுவது, எப்படிப் பயிற்சி செய்வது?

ஜெயநகர்_ஓட்டம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வேலை மாற்றத்தால் மே முதல் வாரத்தில் சென்னைக்குக் குடிபெயர்கிறேன். அலுவலகம் சோழிங்கநல்லூரில். லால்பாக்கிலும் கப்பன் பூங்காவிலும் ஓடிப் பழகியவன். ஞாயிற்றுக்கிழமைகளில் நந்தி மலைக்குச் சைக்கிளில் ஏறுவதும் உண்டு. வரும் ஜனவரியில் சென்னை மாரத்தானில் முழுத் தூரம் ஓட எண்ணியுள்ளேன். கிலோமீட்டருக்கு ஐந்தரை நிமிடம் என்பது பெங்களூரில் எனக்குப் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். வீடு பார்க்க வந்தபோது சென்னையில் அதே வேகத்தில் ஓடிப் பார்த்தேன். ஒரு வாக்கியம்கூட முழுதாகப் பேச முடியவில்லை. அலுவலகத்துக்கு அருகில் வீடு பார்ப்பதா, ஓடும் இடத்துக்கு அருகில் பார்ப்பதா? கத்திரி வெயில் முடியும்வரை பயிற்சியை ஒத்திவைப்பது நல்லதா?

திருவான்மியூர்வாசி எழுதியது:

ஓடும் இடத்துக்கு அருகிலேயே பாருங்கள். அலுவலகத்துக்குப் பேருந்திலோ வண்டியிலோ போய்க்கொள்ளலாம். ஆனால் விடியற்காலை நான்கரை மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு ஓடும் இடத்தைத் தேடிப் போகும் உற்சாகம் ஒரு மாதத்துக்குமேல் யாருக்கும் நிலைப்பதில்லை. திருவான்மியூரில் குடியிருந்தால் வடக்கே பெசன்ட் நகர் கடற்கரைச் சாலைக்கு ஓடியே போய்விடலாம். தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை தொடங்குகிறது. சைக்கிளில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்பினால் 90 கிலோமீட்டரை ஒட்டி வரும். ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பிறகு அந்தச் சாலையில் சுற்றுலா வண்டிகள் பறக்கத் தொடங்கிவிடும் என்பதால், அதற்குள் வீடு திரும்பும்படி கிளம்புங்கள். மெட்ரோ பணிகளால் பழைய மகாபலிபுரம் சாலை பல இடங்களில் குறுகிக் கிடக்கிறது. அங்கே ஓடும் எண்ணமே வேண்டாம்.

சீரான_மூச்சு எழுதியது:

நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஒத்திவைக்க வேண்டாம்; வேகத்தை மட்டும் விட்டுக்கொடுங்கள். ஓடும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகத்தான் மாறுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்றுவது வியர்வை சொட்டுவதால் அன்று, அது ஆவியாவதால். பெங்களூரில் தோலில் அரும்பும் வியர்வை காற்றில் போய்விடுகிறது. சென்னையின் புழுக்கத்தில் அதில் பெரும்பகுதி சட்டையை நனைத்துத் தரையில் விழுகிறது, உடலோ குளிர்வதில்லை. தோலுக்குக் கூடுதல் ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதாலும், வியர்வையால் ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைவதாலும் இதயம் வேகமாகத் துடிக்கிறது. உங்கள் பேச்சு நின்றதற்குக் காரணம் இதுவே. தகுதிக் குறைவு என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். 900 மீட்டர் உயரத்திலிருந்து கடல் மட்டத்துக்கு இறங்குவதால் கிடைக்கும் சிறு ஆதாயத்தையும் இந்தப் புழுக்கம் விழுங்கிவிடும்.

உடல் இதற்குப் பழகும். நாள்தோறும் ஒரு மணி நேரம் வரை மெதுவாக ஓடினால் முதல் வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். இரண்டு வாரங்களில் வியர்வை முன்னதாகச் சுரக்கவும், அதில் உப்பு குறையவும் தொடங்கும். அந்த இரண்டு வாரமும் இன்டர்வெல் (வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓடுவது), டெம்போ (சற்றுக் கடினமான வேகத்தில் தொடர்ந்து ஓடுவது) எதுவும் வேண்டாம். கைக்கடிகாரத்தில் வேகத்தைக் காட்டும் திரையை மாற்றி, இதயத்துடிப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டருக்கு அரை நிமிடமோ முக்கால் நிமிடமோ கூடினால் கூடட்டும்.

தண்ணீர் விஷயத்தில் ஊகம் கூடாது. ஓடுவதற்கு முன்னும் பின்னும், ஈரத்தைத் துடைத்துவிட்டு உடையின்றி எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை, இடையில் குடித்த தண்ணீரையும் அதனுடன் கூட்டிக்கொள்ளுங்கள். இழந்ததைவிட அதிகமாக வெறுந்தண்ணீரைக் குடிப்பது ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து ஆபத்தில் கொண்டுபோய் விடும். ஓடி முடித்தபின் உப்புப் போட்ட நீர்மோர் போதும். விலை உயர்ந்த பானம் எதுவும் தேவையில்லை. ஓடும்போது தலைசுற்றலோ குளிர் நடுக்கமோ வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கடலோரக்_கால்கள் எழுதியது:

திருவான்மியூர் நல்ல இடம்தான், ஆனால் வாடகையைப் பற்றி அண்ணன் வாயே திறக்கவில்லை. நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் பக்கமும் பாருங்கள். கடற்கரைச் சாலையும் கையெட்டும் தூரத்தில், அக்கரை வழியாகச் சோழிங்கநல்லூர் அலுவலகமும் அருகில். ஒரு குறை உண்டு: உள்தெருக்களில் இருட்டும் நாய்களும் அதிகம். நான் தனியாக அங்கே விடியுமுன் ஓடுவதில்லை. குழுவோடு பெசன்ட் நகரில்தான் ஓடுகிறேன். உங்களுக்கும் முதல் சில மாதங்களுக்குக் குழுவையே பரிந்துரைப்பேன். எந்தத் தெருவில் எந்த நாய் துரத்தும் என்பது வரை அவர்களுக்குத் தெரியும்.

வெயிலைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். ஜனவரி மாரத்தானுக்கு மிக நீண்ட ஓட்டங்கள் வரும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் இங்கே வடகிழக்குப் பருவமழை. சாலையில் தண்ணீர் நிற்கும்போது அடியில் திறந்த சாக்கடை இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அன்றைக்கு ட்ரெட்மில்லே கதி. ஆகவே 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஓட்டங்களை ஞாயிறு என்று முடிவுகட்டி வைக்காமல், மழை விட்ட நாளில் முடிக்கும்படி திட்டமிடுங்கள்.

ஜெயநகர்_ஓட்டம் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. மழைக்காலக் கணக்கு என் திட்டத்தில் இல்லவே இல்லை. நீலாங்கரையில் இரண்டு வீடுகளைப் பார்க்கவிருக்கிறேன். நந்தி மலைக்கு ஈடாக ஏதேனும் ஏற்றம் உண்டா?

திருவான்மியூர்வாசி எழுதியது:

நகருக்குள் பரங்கிமலையும் மேம்பாலங்களும்தான். உண்மையான ஏற்றம் வேண்டுமென்றால் சைக்கிளோடு ஏலகிரிக்குப் போங்கள். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஜோலார்பேட்டை வரை ரயிலில் போய்விடலாம்.