மாதவரத்துக் கொல்லையில் தார்ப்பாய்ச் சறுக்கு

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் அக்காவின் பிள்ளைகள் இருவரும் விடுமுறைக்குச் சென்னை மாதவரத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களுக்காகக் கொல்லைப்புறத்தில் தண்ணீர்ச் சறுக்கு ஒன்று அமைத்தோம். இதே முயற்சியில் இறங்க நினைப்பவர்களுக்கு, முதல் நாள் நாங்கள் செய்த தவறாவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே 30 அடி நீளத்துக்கு மண்தரை இருக்கிறது. பாரிமுனையில் 24 அடி நீளத் தார்ப்பாய் ஒன்று வாங்கிவந்தேன். விரிப்பதற்கு முன் தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்ததில் ஓட்டுச் சில்லும், இரண்டு துருப்பிடித்த ஆணிகளும், தென்னை மட்டையின் சிராய்களும் கிடைத்தன. கண்ணால் பார்த்தபோது சுத்தமாகத்தான் தெரிந்த தரை அது. வீட்டு வேலையில் மிஞ்சிய ஆற்று மணலை ஒரு முனையில் ஒன்றரை அடி மேடாகக் குவித்து, அதன்மேல் பழைய கோரைப்பாய்களைப் போட்டு, தார்ப்பாயை விரித்தோம். இரு ஓரங்களுக்கும் அடியில் மணல் நிரப்பிய சாக்குகளை அடுக்கி வயல் வரப்புப் போல உயர்த்தியதால், தண்ணீரும் வெளியே வழியவில்லை, பிள்ளைகளும் பக்கவாட்டில் விலகவில்லை. முளைக்குச்சி எதுவும் அடிக்கவில்லை, வழுக்கி வரும் பிள்ளையின் விலாவில் குத்திவிடும் என்ற பயம்தான்.

வழுக்கலுக்குச் சோப்புத்தூள் கரைக்கலாம் என்று பலரும் சொன்னார்கள். அது கண்ணில் பட்டால் எரியும் என்பதால் அம்மா அதற்கு ஒப்பவில்லை. வேலியோரச் செம்பருத்தியிலிருந்து இரண்டு கை இலை பறித்து, வாளித் தண்ணீரில் கசக்கிப் பிழிந்து கொடுத்தார். வெண்டைக்காயை நறுக்கும்போது இழுபடுமே, அதுபோல விரல்களிலிருந்து நூல் நூலாக இறங்கிய அந்தக் கொழகொழப்பைத் தார்ப்பாயில் தெளித்ததும், மேட்டில் உட்கார்ந்த கணமே பிள்ளைகள் வழுக்கத் தொடங்கினார்கள்.

தவறு நடந்தது கடைசி முனையில். வேகமாக வந்த ஒன்பது வயதுப் பையன் தார்ப்பாயைத் தாண்டி உலர்ந்த மண்ணில் உரசி, மதிலுக்கு இரண்டடி முன்னால்தான் நின்றான். முழங்கை சிராய்த்து இரத்தம் கசிந்தது. மதிலில் அவன் தலை மோதியிருந்தால் என்ற நினைப்பில் அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. வழுக்கும் வழியைப் பற்றி அத்தனை யோசித்த நான், நிற்கும் இடத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. அமெரிக்காவில் 1961-இல் விற்பனைக்கு வந்த 'ஸ்லிப் அண்ட் ஸ்லைடு' என்னும் விரிப்புச் சறுக்கைப் பற்றி அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1993-இல் விடுத்த எச்சரிக்கையும் இதைத்தான் சொல்கிறது: உயரமும் எடையும் கூடிய பெரியவர்கள் பாய்ந்து விழும்போது உடல் சட்டென்று நின்றுவிட, கழுத்தில் அடிபட்டுக் கைகால் செயலிழந்தவர்கள்கூட உண்டு. ஆகவே, தானும் ஒருமுறை சறுக்குகிறேன் என்று ஆசையாக வந்த மைத்துனரை வற்புறுத்தி நிறுத்திவிட்டேன். பிள்ளைகளும் உட்கார்ந்து, கால்களை முன்னே நீட்டி, ஒருவர் எழுந்து விலகிய பிறகே அடுத்தவர் வர வேண்டும் என்று சொல்லிவைத்தோம்.

மறுநாள் மேட்டை வீட்டுப் பக்கமாகத் தள்ளிவைத்து, கடைசி ஐந்தடியில் மண்ணை அரையடி ஆழத்துக்குச் சரிவாகத் தோண்டி, தார்ப்பாயை அந்தப் பள்ளத்துக்குள்ளேயே முடியவிட்டோம். தேங்கிய தண்ணீரே வேகத்தைத் தணித்துப் பிள்ளைகளை மெதுவாக நிறுத்தியது. மதிலையொட்டிப் பழைய இலவம்பஞ்சு மெத்தையையும் சாய்த்துவைத்தோம்; அதை யாரும் தொடக்கூட இல்லை.

அந்தப் பள்ளம் தண்ணீரையும் மிச்சப்படுத்தியது. புழல் ஏரி வறண்டு, குடங்களுடன் லாரிக்குக் காத்துக்கிடந்த 2019-ஆம் ஆண்டுக் கோடையை எங்கள் தெருவில் யாரும் மறக்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு விளையாட விட எனக்கு மனம் வராது. 200 லிட்டர் நீல டிரம் ஒன்றை நிரப்பிவைத்து, பள்ளத்தில் சேர்ந்ததையே மொண்டு மீண்டும் மேட்டில் ஊற்றினோம். ஈரத்தில் பிள்ளைகள் நிற்கும் இடத்தில் மின்சாரம் வேண்டாம் என்று மோட்டாரைத் தவிர்த்தோம். ஒருவர் சறுக்க மற்றவர் வாளி தூக்குவதும் விளையாட்டாகவே ஆகிவிட்டது.

உச்சி வெயிலில் தார்ப்பாய் தொடமுடியாதபடி சுடுகிறது. கடற்காற்று வீசும் நாலரை மணிக்கு மேல்தான் தொடங்குவோம். விளக்கு வைக்கும் நேரத்தில், பள்ளத்தில் மிஞ்சிய தண்ணீரைப் பிள்ளைகளே மொண்டு தென்னைகளின் பாத்தியில் ஊற்றிவிட்டு, தார்ப்பாயின் இரு முனைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து மதில்மேல் காயப்போடுவார்கள்.